இறக்கத்தில் கேட்ட பாட்டு

கண்ணு,

நேற்று நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை என்று கோபமாக இருப்பாய். நான் என்ன செய்வேன்? தண்ணீர் டேங்குக்குப் பக்கத்துப் பாறைமேல் ஏறி நின்றால்தான் நம் ஊரில் இன்றைக்கும் சிக்னல் கிடைக்கிறது. கொஞ்சம் காற்று அடித்தால் அதுவும் போய்விடும். "அப்பா, நான் எல்லாப் பாட்டையும் தப்பாவே கத்துக்கினனா?" என்று கேட்டாய். குரலில் அழுகை இருந்தது. "இரு கண்ணு, சொல்றேன்" என்று நான் வாயைத் திறப்பதற்குள் லைன் கட்டாகிவிட்டது. கீழே வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். "எழுதிப் போடுயா. போன்ல சொன்னா அவ ம் ம்னு கேட்டுகினு வேற வேலய பாப்பா" என்றாள். அதனால் எழுதுகிறேன். இதை நீ மட்டும்தான் படிக்க வேண்டும் என்று இல்லை. உன் கம்பெனிக்காரருக்கும் படித்துக் காட்டு. உன் பாட்டுக்குக் கீழே வந்து எழுதிவிட்டுப் போகும் புண்ணியவான்களுக்கும் படித்துக் காட்டு. மறைக்க இதில் ஒன்றும் இல்லை.

நான் புரிந்துகொண்டது சரியா என்று பார். இத்தனை வருஷம் குதித்து ஆடுகிற பாட்டுகளாகப் பாடிப் பெயர் வாங்கினாய். இப்போது முதல்முறையாக உன் விருப்பத்துக்கு ஒரு ஆல்பம் செய்திருக்கிறாய். ஊரே பாடிப் பழகிய பழைய பாட்டுகள், கதை சொல்லும் நெடும்பாட்டுகள், எல்லாம் நம் ஜீப்பில் ஓடிய அந்த ஒரே கேசட்டில் இருந்தவை. அதில் ஓடக்காரன் பாட்டை மட்டும் முன்னோட்டமாக வெளியிட்டீர்கள். கேட்டவர்கள் 'தூக்கம் வருகிறது' என்றார்கள். யாரோ ஒரு கெட்டிக்காரன், ஸ்பீடைக் கூட்டி வைத்துக் கேட்டால் பழைய பாட்டு மாதிரியே சரியாக இருக்கிறது என்று எழுதப்போக, ஆளாளுக்கு அப்படியே கேட்கிறார்களாம். கம்பெனிக்காரர் பயந்துவிட்டார். வருகிற திங்கட்கிழமை ஸ்டுடியோவுக்குப் போய் எல்லாவற்றையும் 'சரியான' வேகத்தில் திரும்பப் பாடச் சொல்கிறார். நீயும் ஒரிஜினல்களைத் தேடிப் பிடித்துக் கேட்டிருக்கிறாய். கேட்டுவிட்டு, நம் பாட்டு எதுவுமே அந்த வேகத்தில் இல்லை என்று கலங்கிப்போய் எனக்குப் போன் செய்திருக்கிறாய். இதுதானே விஷயம்?

சரி, கேள். கேசட்டில் பாட்டு சரியான வேகத்தில்தான் இருந்தது. நம் ஜீப்பில் அது மெதுவாக ஓடியது. அவ்வளவுதான். இதற்கு நான் மன்னிப்பெல்லாம் கேட்கப் போவதில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த டேப் ரெக்கார்டரை நமக்குக் கொடுத்தது வாணியம்பாடி பாய். உனக்கு ஞாபகம் இருக்கும், புளி சீசனில் மலைக்கு வருவாரே, சட்டைப் பையில் எப்போதும் அத்தர் வாசனை அடிக்குமே, அவர்தான். தன் காருக்குப் புதிது வாங்கியதும் பழைய டேப்பை நம் ஜீப்பில் அவரே மாட்டிவிட்டார். அவருக்குப் பிடித்த பாட்டுகளை ஒரு கேசட்டில் பதிந்து கையில் கொடுத்தார். "கவலப் பாட்டுபா எல்லாம். ஆனா கேட்டா கவல போய்டும்" என்றார். ஏற்றத்தில் அதைக் கேட்க முடியாது. புதூர்நாட்டுக்கு ஏறும் ரோட்டில் நம் ஜீப் போடும் கூச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது, பாட்டு எங்கே கேட்கும்? இறங்கும்போதுதான் கேட்போம். பலாமரத்து வளைவு வந்ததும் டீசலை மிச்சம் பிடிக்க இன்ஜினை அணைத்துவிடுவேன். கேசட்டை முதலில் இருந்து போடுவேன். அதில் முதல் பாட்டு ஓடக்காரன் பாட்டு, அது முடியும்போது அடிவாரம் வந்துவிடும்; மற்றதெல்லாம் அங்கே ஆள் சேரக் காத்திருக்கும்போது ஓடும். கரையில் ஒருத்தி நிற்கிறாள், அக்கரைக்குப் போன ஓடம் வரவில்லை, அவள் நின்றுகொண்டே இருக்கிறாள். நம் மலையில் ஓடம் ஏது, அக்கரை ஏது? ஆனாலும் நம் ஜனத்துக்கு அந்தப் பாட்டு என்றால் உயிர்.

இன்ஜின் நின்றால் டேப்புக்கு பேட்டரிதான் கதி. நம் பேட்டரியோ எந்தக் காலத்திலும் முழுசாக இருந்ததில்லை. அதனால் கேசட் சோம்பலாகச் சுற்றும். பாடுகிற அம்மாளின் குரல் இறங்கிக் கனத்துப்போகும். ஒரு வரி முடிந்து அடுத்த வரி வருவதற்குள் சாமைக் கொல்லை ஒன்று கடந்து போய்விடும். அந்த இறக்கத்தை நீ மறந்திருக்க மாட்டாய். சக்கரம் உருளும் சத்தம், பாட்டு, வேறு ஒன்றும் கிடையாது. மேகம் ரோட்டுக்கே இறங்கி வந்து பானட்டை நனைத்துவிட்டுப் போகும். பின்னால் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் பொம்பளைகள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். பழுத்த பலா வாசனை ஜீப் முழுக்க நிற்கும். நான் ஓட்டுகிறேனா, ஜீப் தானாகப் போகிறதா என்று எனக்கே தெரியாது. நீ முன் சீட்டில் கியர் ராடுக்கும் எனக்கும் நடுவில் உட்கார்ந்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, உதட்டை அசைப்பாய். பாடுகிறாயா, தூங்குகிறாயா என்று நான் குனிந்து குனிந்து பார்ப்பேன்.

அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. உன் அம்மா இதைச் சொல்ல விடமாட்டாள், இப்போது முறத்தோடு கொல்லைப்பக்கம் போயிருக்கிறாள், அதற்குள் எழுதிவிடுகிறேன். நீ பிறக்க அவளுக்கு வலி எடுத்த அன்றைக்கு மத்தியானம் நல்ல மழை. அவளை ஜீப்பில் படுக்க வைத்துத் திருப்பத்தூருக்கு இறக்கினேன். நான் வேகமாகப் போகப் பார்க்கிறேன். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவள் கத்துகிறாள். "யோவ், உன் இஞ்சின நிறுத்துயா! ஒடம்பு பூரா அதிருது!" நிறுத்தினேன். "மெதுவா வுடு. அந்தப் பாட்டப் போடு" என்றாள். பிள்ளை பெறப் போகிறவள் பாட்டுக் கேட்கிறாளே என்று நினைத்தபடியே போட்டேன். ஒவ்வொரு வரிக்கும் அவள் மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். அந்தப் பாட்டின் வேகம் அவள் மூச்சுக்குச் சரியாக இருந்தது. அடிவாரம் வந்ததும் திரும்ப இன்ஜினைப் போட்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தேன். சாயங்காலம் நீ பிறந்தாய். ஆகவே அந்தப் பாட்டை நீ எங்கே, எந்த வேகத்தில் முதலில் கேட்டாய் என்று யாராவது கேட்டால், இதைச் சொல்.

நம் டேப் மெதுவாக ஓடுகிறது என்பது நமக்கு எப்படித் தெரிந்தது தெரியுமா? மாரியம்மன் திருவிழாவில். மலைக்குக் கீழே, கீழ்நாட்டிலிருந்து பாட்டுக் கச்சேரிக்காரர்களைக் கூப்பிட்டிருந்தார்கள். கலர் சட்டை போட்ட ஒரு பாடகர், நல்ல குரல்தான், ஓடக்காரன் பாட்டை எடுத்தார். இரண்டு வரி போகவில்லை, ஜனம் எழுந்துவிட்டது. "இன்னாபா, பாட்ட தொரத்திகினு போற?" என்று ஒருத்தர். "பஸ்ஸ புடிக்கப் போறியா? மெதுவாப் பாடுபா!" என்று இன்னொருத்தர். அந்த மனுஷர் பாவம், முழித்தார். "இதுதாங்க பாட்டு" என்றார். "எங்க பாட்ட எங்களுக்கே சொல்லிக் குடுக்கிறியா?" என்று ஒரே கூச்சல். நீ என் தோள்மேல் உட்கார்ந்திருந்தாய். எல்லாரையும்விட உன் சத்தம்தான் பெரிது. "தப்பாப் பாடுறாங்கப்பா! தப்பாப் பாடுறாங்க!" அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "அப்ப நீயே வந்து பாடு பாப்பா" என்று மைக்கை நீட்டினார். நீ இறங்கி ஓடியே போய்விட்டாய். மைக் உன் உயரத்துக்கு வரவில்லை, பிடித்துக்கொண்டார்கள். நீ பாடினாய். வாத்தியக்காரர்கள் பின்னாலேயே வரப் பார்த்து, முடியாமல் ஒவ்வொருவராக நிறுத்திவிட்டார்கள். கடைசியில் உன் குரல் மட்டும் மைதானத்தில் போய்க்கொண்டிருந்தது. நம் ஜனம் ஆடாமல் அசையாமல் நின்று கேட்டது. அதுதான் உன் முதல் மேடை. அன்றைக்கு எனக்கு வந்த பெருமை இன்னும் குறையவில்லை.

பாயும் அன்று கூட்டத்தில் இருந்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டே என்னை ஓரமாக இழுத்துப்போனார். "அரே, அந்த ஆளு பாடுனதுதான்பா சரி! உன் பேட்டரி செத்துக் கெடக்குது, டேப்பு நகருது. ஊரே அத்தக் கேட்டுக் கெட்டுப் போயிருக்கீங்க!" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுவாரமே அவர் புது பேட்டரி கொண்டுவந்து மாட்டினார். பாட்டு ஜம்மென்று ஓடியது. நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன், ஜனம் இருந்தால்தானே! முதல் நாளே பின் சீட்டில் முணுமுணுப்பு. "இன்னா ட்ரைவரே, டேப்புக்குப் பேதி புடிச்சிகிச்சா?" இரண்டு நாள் பொறுத்தார்கள். மூன்றாவது நாள் பலாமரத்து வளைவில் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். பழைய பேட்டரியை மாட்டினால் ஏறுகிறோம், இல்லாவிட்டால் நடந்தே இறங்குகிறோம் என்றார்கள். "அது மாட்னா காலைல வண்டி ஸ்டார்ட் ஆவாது, தள்ளணும்" என்றேன். "தள்றோம்" என்றார்கள். சொன்னபடியே தள்ளினார்கள், கண்ணு. வருஷக்கணக்காகக் காலையில் நம் வூட்டு வாசலில் வந்து, அந்தப் பாட்டு மெதுவாக வேண்டும் என்பதற்காக ஒரு ஜீப்பைத் தள்ளினார்கள். பாய் புது பேட்டரியைக் கழற்றிக்கொண்டு, "உங்கள திருத்த முடியாதுபா" என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது அவரும் அந்தப் பாட்டை முணுமுணுத்தார். நம் வேகத்தில்தான் முணுமுணுத்தார்.

நீ அப்போது சின்னப்பிள்ளை. உனக்கு இதை உட்கார வைத்துச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஊருக்கே தெரிந்த சங்கதி உனக்கும் தெரியும் என்று இருந்துவிட்டேன்.

போன மழைக்காலத்தில் நீ என்னைச் சென்னைக்குக் கூப்பிட்டாய் அல்லவா, அந்தக் கண்ணாடி அறைக்கு வெளியே உட்கார வைத்து டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்களே, அன்றைக்குப் பார்த்ததைச் சொல்கிறேன். நீ உள்ளே விளக்கைக் குறைக்கச் சொல்லிவிட்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓடக்காரன் பாட்டைப் பாடினாய். முதல் வரியில் உன் உடம்பு லேசாக இடது பக்கம் சாய்ந்தது. இரண்டாவது வரியின் நடுவில் வலது பக்கம். நான் பிஸ்கட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு பார்த்தேன். பலாமரத்து வளைவு இடது. அதற்கப்புறம் புற்று இருக்கும் வளைவு வலது. நீ ரோட்டில் போய்க்கொண்டிருந்தாய், கண்ணு. கண்ணை மூடிக்கொண்டு நம் மலையில் இறங்கிக்கொண்டிருந்தாய். ரோட்டை அரித்துக்கொண்டு ஓடை பாயும் இடத்தில் ஜீப் தூக்கிப்போடுமே, அந்த இடத்தில் சரியாக மூச்சை எடுத்தாய். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏசி குளிர் என்று சொல்லிச் சமாளித்தேன்.

உன் இசையமைப்பாளர் தம்பி, குடுமி போட்டிருப்பாரே, மரியாதையான பிள்ளை, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கடைசி வரிக்கு முன்னால் உன் குரல் ஒரு கணம் தாழ்ந்து, தடுமாறி, பிறகு எழுந்து வரும் இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். "அங்கிள், இந்த எறக்கம் யாருமே சொல்லிக்குடுக்க முடியாதது. எப்படி வந்துச்சு இவங்களுக்கு?" என்றார். நான் என்ன சொல்ல? அது ஹாரன் தம்பி என்றா? கடைசி வளைவில் எதிரே வருகிறவன் தெரியமாட்டான். அங்கே நான் கட்டாயம் ஹாரனை அழுத்துவேன். இருக்கிற கொஞ்சம் கரண்ட்டையும் ஹாரன் இழுத்துக்கொள்ளும். பாடுகிற அம்மாளின் குரல் மூழ்கிப்போகும். கையை எடுத்ததும் மேலே வரும். அதைத்தான் நீ அச்சு அசலாகப் பாடுகிறாய். நான் "சாமி குடுத்ததுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தேன்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். தப்பாகக் கற்றுக்கொண்டாயா? டேப் தப்பாக ஓடியது, வாஸ்தவம்தான். பேட்டரிக்கு என்ன தெரியும், அது மெதுவாக ஓட வேண்டும் என்று நினைத்தா ஓடியது? ஆனால் நீ பாடும்போது தெரிந்துதானே பாடுகிறாய். எங்கே இழுக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று உனக்குத் தெரிகிறது. உன் ஆட்டப்பாட்டுகளையும் நான் கேட்கிறேன், குறை சொல்லவில்லை, அந்த வேகம் அதற்கு. இந்தப் பாட்டில் ஒருத்தி காத்துக்கொண்டு நிற்கிறாள். காத்திருக்கிறவளுக்கு என்ன அவசரம்? கம்பெனிக்காரர் வியாபாரி, அவர் பயப்படுவதில் தப்பில்லை, அவரிடம் சண்டை போடாதே. ஆனால் பயந்தவர் சொல்லுக்குப் பயந்து நீயும் பாடாதே. ஒரு காரியத்தைத் திருத்துவதற்கு முன்னால், அது யாருக்கு உபயோகப்பட்டது என்று ஒரு தடவை கேட்டுப் பார்க்க வேண்டும். அப்படிக் கேட்காமல்தான் பாயும் நானும் புது பேட்டரி மாட்டினோம்.

இதுவரை எழுதி வைத்துவிட்டு, உறையில் போடுவதற்குள் எனக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது. பெற்றவனுக்குத் தன் பிள்ளை பாடினால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். என் பேச்சை நீ எப்படி நம்புவாய்? இன்றைக்குச் சந்தை நாள். நான் இப்போதெல்லாம் சந்தை நாளில் மட்டும்தான் ஜீப் எடுக்கிறேன். இது பழைய ஜீப் இல்லை, இதில் பேட்டரி புதிது, டேப்பும் இல்லை, போனை ஒயரில் மாட்டினால் பாடுகிறது. உன் அம்மாவின் போனில் நீ அனுப்பிய ஓடக்காரன் பாட்டு இருந்தது. "எடுத்துகினு போ. ஒடச்சிடாத" என்று கொடுத்தாள். பிறகு, "நானும் வர்றேன்" என்று அவளே ஏறிக்கொண்டாள்.

ஜீப் நிறையக் கூட்டம். அன்றைக்கு ஜீப் தள்ளியவர்களில் சிலர் இருந்தார்கள், மீதிப் பேர் அவர்களின் மருமகள்கள், பேரப்பிள்ளைகள். யார் பாடுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. பலாமரத்து வளைவில் இன்ஜினை அணைத்தேன். இந்த ஜீப்பில் நான் அதைச் செய்ததே இல்லை. ஒருத்தி, "இன்னாச்சி ட்ரைவரே, டீசல் தீந்துடுச்சா?" என்றாள். நீ பாட ஆரம்பித்தாய். ஜீப் இடது பக்கம் சாய்ந்தது, வலது பக்கம் சாய்ந்தது, நீயும் கூடவே வந்தாய். சாமைக் கொல்லைமேல் மேகம் உட்கார்ந்திருந்தது. ஓடை அரித்த இடத்தில் ஜீப் தூக்கிப்போட்டது, நீ மூச்சு எடுத்தாய். பின்னால் யாரோ மெல்லக் கூடப் பாடுவது கேட்டது, ஒருத்தர் இரண்டு பேராகி, பிறகு எத்தனை பேர் என்று தெரியவில்லை. உன் அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடைசி வளைவில் நான் ஹாரனை அழுத்தினேன். புது பேட்டரி, பாட்டுக்கு ஒன்றும் ஆகியிருக்க முடியாது. உன் குரல் அங்கே தாழ்ந்து, நான் கையை எடுத்ததும் எழுந்து வந்தது.

அடிவாரத்தில் திருப்பத்தூர் பஸ் புறப்படத் தயாராக நின்றிருந்தது. நம் ஜனத்தைப் பற்றி உனக்குத் தெரியும். ஜீப் நிற்பதற்கு முன்னாலேயே மூட்டையை வீசிவிட்டுக் குதித்து ஓடும் ஜனம். அந்த பஸ்ஸை விட்டால் மத்தியானம்வரை வேறு பஸ் இல்லை. ஜீப்பை அதன் பக்கத்திலேயே நிறுத்தினேன். கடைசி வரி இன்னும் பாக்கி இருந்தது. பஸ்காரர் ஹாரன் அடித்தார். இன்னொரு தடவையும் அடித்தார்.

ஒருத்தரும் இறங்கவில்லை.